தாய்லாந்து ஆயில் மசாஜ்: முதல்முறை போகிறவர்களுக்கு

பாங்காக், ஃபுகெட், பட்டாயா, சியாங் மாய் என்று எந்த ஊரில் இறங்கினாலும் தெருவுக்கு நாலு மசாஜ் கடை இருக்கும், வாசலில் ஒரு விலைப் பலகையும் இருக்கும். முதல் வரியில் தாய் மசாஜ், அடுத்த வரியில் ஆயில் மசாஜ், அப்புறம் கால் மசாஜ், மூலிகை ஒத்தடம், தலை கழுத்து தோள் என்று வரிசையாகப் போகும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டும் ஒன்றுதான், ஒன்றில் எண்ணெய் உண்டு, இன்னொன்றில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்து, விலை குறைந்ததைக் கைகாட்டிவிட்டு உள்ளே போவார்கள். அரை மணி நேரம் கழித்து, ஐம்பது வயது அம்மா ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து உடம்பை வில்லாக வளைக்கும்போதுதான் நாம் கேட்டது இது இல்லையே என்று உறைக்கும்.

பலகையின் முதல் வரியில் இருப்பது பழைய முறை. அதை அவர்கள் நுவாட் தாய் என்கிறார்கள். தரையில் மெத்தை, கடையே கொடுக்கும் தொளதொள பருத்தி உடை, எண்ணெய் கிடையாது. கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், சமயத்தில் பாதம் என்று கையில் காலில் உள்ள எல்லாவற்றையும் வைத்து அமுக்குவார்கள், மடக்குவார்கள், இழுப்பார்கள், முறுக்குவார்கள். படுத்திருப்பவருக்கு வேறு ஒருவர் யோகாசனம் செய்துவிடுவதைப் போல இருக்கும். இரண்டாவது வரியில் இருப்பது நுவாட் நம்மான், அதாவது எண்ணெய் மசாஜ். இதில் உடையைக் களைந்து, மேலே டவல் போர்த்திப் படுக்கிறோம்; எண்ணெய் தடவி நீவுவதும் பிசைவதும்தான் முக்கால்வாசி வேலை. பழைய கோயில் கல்வெட்டுகளில் காணக்கிடைப்பது முதலாவதுதான். எண்ணெய் முறை பின்னால் வந்தது: ஐரோப்பாவின் ஸ்வீடிஷ் மசாஜில் உள்ள நீண்ட நீவலும் பிசைதலும், தாய்லாந்துக்காரர்களின் கட்டைவிரல் அமுக்கலும் சேர்ந்த கலவை. சுற்றுலாவும் ஸ்பாக்களும் பெருகப் பெருக இந்தக் கலவையே கடைகளில் நிலைத்துவிட்டது. கலவை என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் "2,500 வருஷப் பழமையான ஆயில் மசாஜ்" என்று விளம்பரத்தில் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் செய்யும் வேலை என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, அவ்வளவுதான். உலர்ந்த தோலில் கை வழுக்காது, அதனால் ஒரு புள்ளியில் நின்று அமுக்கலாம், கணுக்காலைப் பிடித்துக் காலைத் தூக்கி நீட்டலாம். எண்ணெய் பூசிவிட்டால் பிடி நிற்காது, கை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அமுக்கல் நீவலாக மாறிவிடுகிறது. உலர் முறை மூட்டுகளையும் தசையின் நீளத்தையும் குறிவைக்கிறது என்றால், எண்ணெய் முறை தோலையும் அதற்கு அடியில் இருக்கும் சதையையும் குறிவைக்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பும் தொடையும் இறுகிப்போனவருக்கு முதலாவது நன்றாகப் பிடிக்கும். தூக்கமில்லாமல், அலைச்சலில் களைத்துப்போய் வந்தவருக்கு இரண்டாவதுதான் சரி. என்னைக் கேட்டால், வாழ்க்கையில் முதல்முறை மசாஜ் செய்துகொள்கிறவர் எண்ணெய் முறையில் ஆரம்பிப்பது நல்லது. உடம்பை வளைக்க மாட்டார்கள் என்ற நிம்மதியிலேயே பாதிப் பிடிப்பு விட்டுவிடும்.

கோடுகள் எங்கிருந்து வந்தன

தாய்லாந்து மசாஜின் தாய்வீடு என்று எல்லோரும் காட்டுவது பாங்காக்கில் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் போ கோயிலை. பள்ளிகொண்ட பெரிய புத்தர் சிலை இருக்கும் கோயில் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். 1830-களில் மூன்றாம் ராமா மன்னர் அந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, நாட்டில் தெரிந்த மருத்துவ அறிவையெல்லாம் கல்லில் பொறித்துச் சுவர்களில் பதிக்கச் சொன்னார். அதில் மனித உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, எங்கெங்கே அமுக்க வேண்டும் என்று கோடும் புள்ளியுமாகக் காட்டும் 60 படங்கள் உண்டு. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். வாட் போ கல்வெட்டுத் தொகுப்பை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நுவாட் தாய் கலையை 2019-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோயிலிலேயே 1955-இலிருந்து ஒரு பாரம்பரிய மருத்துவப் பள்ளியும் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்களும் வந்து படிக்கிறார்கள்.

அந்தப் படங்களில் இருக்கும் கோடுகளுக்கு 'சென்' என்று பெயர். உடம்பில் 72,000 சென் ஓடுவதாகவும், அதில் முக்கியமானவை பத்து என்றும் சொல்கிறார்கள். அந்தப் பத்தில் முதல் மூன்றின் பெயரைக் கேளுங்கள்: சுமனா, இத்தா, பிங்கலா. சுழுமுனை, இடகலை, பிங்கலை என்று நம் சித்தர் பாடல்களில் வருவது நினைவுக்கு வராமல் போகாது. நம் பக்கத்திலும் நாடிகளின் கணக்கு எழுபத்தீராயிரம்தான். இத்தா தொப்புளுக்குப் பக்கத்தில் புறப்பட்டு, இடது தொடையில் இறங்கி, முழங்காலில் திரும்பி, முதுகெலும்புக்கு இடப்பக்கமாக ஏறி, தலையைச் சுற்றி இடது மூக்குத் துவாரத்தில் முடிகிறது. பிங்கலா அதே வழியில் வலப்பக்கம். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன மருத்துவச் சிந்தனை அங்கே வேர்பிடித்து, உள்ளூர் நாட்டு வைத்தியத்தோடு கலந்து வேறு உருவம் எடுத்திருக்கிறது. புத்தர் காலத்து மருத்துவர் ஜீவகரைத்தான் இந்தக் கலையின் குருவாக வணங்குகிறார்கள். பழைய பள்ளிகளில் வகுப்பு தொடங்குமுன் அவருக்கு வணக்கம் சொல்லி மந்திரம் ஓதுவது இன்னும் உண்டு.

இப்படி ஒரு நாடி உடம்பை அறுத்துப் பார்த்தால் தெரியுமா என்றால், தெரியாது. நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. ஆனால் கைவேலைக்கு அது நல்ல வரைபடம். இத்தாவும் பிங்கலாவும் முதுகில் போகும் பாதையில், முதுகெலும்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி, உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் நீளமான தசைகள் இருக்கின்றன. குனிந்து நிமிர்ந்து, உட்கார்ந்து எழுந்து நாம் முதலில் இறுக வைப்பதும் அந்தத் தசைகளைத்தான். கோட்டின் பெயரை நம்பாவிட்டாலும் அந்தக் கோட்டில் கட்டைவிரல் ஓடும்போது சுகமாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம்

உள்ளே போனதும் வழக்கமாக முதலில் கால் கழுவிவிடுவார்கள். அப்புறம் திரைபோட்ட அறை, டவல், பெரும்பாலும் காகிதம் போன்ற துணியில் ஒருமுறை மட்டும் போடும் உள்ளாடை. அதைப் போட்டுக்கொண்டு கவிழ்ந்து படுத்து டவலால் மூடிக்கொண்டால் போதும். நாம் தயாராகும்வரை மசாஜ் செய்பவர் வெளியே இருப்பார். கூச்சப்படுகிறவர்கள் தங்கள் உள்ளாடையோடே படுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எண்ணெய்க் கறை மட்டும் நம் பாடு. வேலை நடக்கும் பகுதி மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். ஒரு கால் முடிந்ததும் டவலை மூடிவிட்டு அடுத்த காலைத் திறப்பார்கள்.

நல்ல கைக்காரர் எண்ணெயை நேராக முதுகில் ஊற்ற மாட்டார். தன் உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, பிறகுதான் வைப்பார். முதல் தொடுகையில் ஒன்றும் செய்யாமல் கையை அப்படியே சில நொடி வைத்திருப்பதும் உண்டு. அதற்குள் எந்தத் தோள் ஏறியிருக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு காலில் தொடங்குவார். உடம்பை மசாஜ் செய்யும்போது காலிலிருந்து மேலே போவதுதான் தாய்லாந்து வழக்கம். பழைய முறையில் பெண்களுக்கு இடப்பக்கமும் ஆண்களுக்கு வலப்பக்கமும் முதலில் என்று ஒரு கணக்கும் உண்டு, இப்போது எல்லாக் கடையிலும் அதைப் பார்ப்பதில்லை.

காலில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள், மொத்த மசாஜும் அதில் அடக்கம். முதலில் குதிகாலிலிருந்து தொடைவரை இரண்டு உள்ளங்கையும் ஒரே நீளமாக ஏறும், ஏறும்போது அழுத்தம் இருக்கும். திரும்பி வரும்போது காலின் இரு ஓரமாகச் சும்மா உரசிக்கொண்டு வரும். ஏறும்போது மட்டும் அழுத்துவதற்குக் காரணம், காலில் உள்ள ரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குப் போகும் திசை அது. இந்த நீவலை மூன்று நாலு தடவை செய்து தோலையும் சதையையும் பழக்கிய பிறகு பிசைதல் வரும். ஆடுசதையை ஒரு கையால் அள்ளி, மறு கையால் எதிர்ப்பக்கம் தள்ளி, மாவு பிசைகிற மாதிரியே. மூன்றாவதாகக் கட்டைவிரல். கணுக்காலுக்கு மேலே தொடங்கி, ஆடுசதையின் நடுவில், கட்டைவிரல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். உலர் முறையில் இதே இடத்தில் ஐந்தாறு நொடி நின்று அமுக்கி, விட்டு, அடுத்த புள்ளிக்குப் போவார்கள். எண்ணெயில் அப்படி நிற்க முடியாததால் கோடு நெடுக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். எங்காவது சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் அங்கே நின்று சின்ன வட்டமாகத் தேய்ப்பார்கள். கடைசியில் மறுபடியும் நீளமான நீவல், டவல், முடிந்தது.

இந்த நாலும்தான் அடிப்படை: நீவல், பிசைதல், கட்டைவிரல் ஓட்டம், வட்டத் தேய்ப்பு. முதுகுக்கு வரும்போது முன்னங்கையும் சேரும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை முதுகில் வைத்து, இடுப்பிலிருந்து தோள்பட்டைவரை அப்படியே தள்ளிக்கொண்டு போவார்கள். அழுத்தம் பலமாகவும் இருக்கும், குத்தாமலும் இருக்கும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில், நம் கை எட்டவே எட்டாத அந்த இடத்தில், கட்டைவிரல் இறங்கும்போது பலபேர் தங்களை அறியாமல் முனகிவிடுவார்கள். முதுகெலும்பின் மேலேயே அமுக்கக்கூடாது, அதற்கு இருபுறமும்தான். யாராவது எலும்பின் மேலே கட்டைவிரலை வைத்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு சின்ன உருவம் உள்ளவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் ஆச்சரியம் வரும். கையில் பலமே இல்லை. முழங்கையை மடக்காமல் கையை நேராக நிறுத்தி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, உடம்பின் எடையைக் கட்டைவிரலுக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் வேண்டுமென்றால் இன்னும் சாய்வார், வேண்டாமென்றால் பின்னால் வருவார். கைப்பலத்தில் அமுக்குகிறவரை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்: விரல் நடுங்கும், அழுத்தம் விட்டுவிட்டு வரும், கால் மணி நேரத்தில் களைத்துப்போவார்.

மல்லாந்து படுக்கச் சொன்ன பிறகு காலின் முன்பக்கம், கைகள், உள்ளங்கை, விருப்பப்பட்டால் வயிறு, கடைசியில் கழுத்தும் தலையும். சில இடங்களில் தொடை இடுக்கில் உள்ளங்கையை வைத்து அரை நிமிஷம் போல அழுத்திப் பிடித்துவிட்டு மெதுவாக எடுப்பார்கள்; தடைபட்ட ரத்தம் காலுக்குள் வெதுவெதுப்பாக இறங்குவது நன்றாகவே தெரியும். 'காற்றுவாசல் திறப்பது' என்று அதைச் சொல்கிறார்கள். உலர் முறையிலிருந்து வந்த பழக்கம் அது. கேட்க அழகாக இருந்தாலும் இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், வெரிகோஸ் சிரை உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். முடிவில் எண்ணெயைச் சூடான துண்டால் துடைத்து, உட்காரவைத்து, தோளையும் கையையும் இரண்டு இழுப்பு இழுத்து அனுப்புவார்கள். அந்தக் கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் சுத்தமான பழைய நுவாட் தாய்.

ஊருக்கு ஊர் பாணியும் மாறும். அரண்மனைப் பாணியில் கையும் விரலும் மட்டும்தான், காலால் தொடுவது மரியாதைக் குறைவு. நாட்டுப்புறப் பாணியில் முழங்கால், பாதம் எல்லாம் உண்டு. வடக்கே சியாங் மாய் பக்கம் இழுத்து நீட்டுவது அதிகம், போதாக்குறைக்கு 'தோக் சென்' என்று புளியமரக் கட்டையையும் சுத்தியலையும் வைத்து கோடு நெடுகத் தட்டுகிற ஒரு முறையும் இருக்கிறது. இன்னொன்று 'யாம் காங்': வைத்தியர் தன் பாதத்தை மூலிகை எண்ணெயில் தோய்த்து, சூடாக்கிய கலப்பைக் கொழுவில் ஒரு மிதி மிதித்து, அந்தச் சூட்டோடு நோயாளியின் இடுப்பில் பாதத்தை வைப்பார். எண்ணெய்க்கும் தாய்லாந்து வைத்தியத்துக்கும் பழைய உறவு வேண்டுமென்றால் அங்கே தேடலாம். நம் சித்த மருத்துவத்திலும் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உட்பட ஒன்பது வகை உண்டு. பட்டியலைப் படித்துவிட்டு தாய் மசாஜுக்குப் போனால், எது எது என்று படுத்தபடியே பெயர் சொல்லலாம்.

என்ன எண்ணெய்

சாதாரணக் கடையில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை சேர்த்த ஏதாவது ஒரு தாவர எண்ணெய். கொஞ்சம் நல்ல இடமென்றால் தவிட்டெண்ணெய், பாதாம் எண்ணெய், எள்ளெண்ணெய் என்று காட்டிக் கேட்பார்கள். அதில் சில சொட்டு எலுமிச்சைப்புல், மல்லிகை, லாவெண்டர் வாசனை சேர்ப்பது உண்டு. தாய்லாந்துக்கே உரியது என்றால் 'ப்ளை'. இஞ்சி, மஞ்சள் குடும்பத்துக் கிழங்கு, உள்ளே மஞ்சள் நிறம், கற்பூரமும் இஞ்சியும் கலந்த மாதிரி வாசனை. சுளுக்கு, தசைவலிக்கு அந்த ஊர் வீடுகளில் இதைத்தான் முதலில் தேடுவார்கள். பலகையில் இருக்கும் மூலிகை ஒத்தடத்திலும் இதுதான் பிரதானம்: ப்ளை, மஞ்சள், எலுமிச்சைப்புல், கஃபிர் எலுமிச்சைத் தோல், புளிய இலை, கற்பூரம் எல்லாம் சேர்த்துத் துணியில் பந்தாகக் கட்டி, ஆவியில் சூடாக்கி, எண்ணெய் தேய்த்த முதுகில் ஒற்றி எடுப்பார்கள். 'லுக் ப்ரகோப்' என்று கேட்டால் தெரியும். ஆயில் மசாஜோடு இதைச் சேர்த்துக்கொள்ள கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

எண்ணெய் தோலுக்குள் புகுந்து தசைக்குப் போய் எலும்புவரை இறங்குகிறது என்றெல்லாம் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பெரும்பகுதி தோலின் மேலடுக்கிலேயே நின்றுவிடும். வறண்ட தோலுக்கு நல்லது, வாசனை மனசுக்கு நல்லது, அது போதும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் பாதாம் எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து நேராக வருகிறவர்கள் குளித்துவிட்டு வாருங்கள். மணல் ஒட்டிய தோலில் எண்ணெய் பட்டால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி ஆகிவிடும். வெயிலில் வெந்து சிவந்த முதுகோடு போகவே வேண்டாம். அன்றைக்குக் காலில் சவரம் செய்திருந்தால் கடைசியில் அவர்கள் பூசும் மெந்தால் தைலம் தீயாக எரியும்.

நன்மை எவ்வளவு உண்மை

கடை வாசலில் இருக்கும் பட்டியல் நீளமானது: ரத்த ஓட்டம், நச்சு நீக்கம், நோய் எதிர்ப்பு, இளமை, எடை குறைப்பு. இதில் பாதியைக் கழித்துவிடலாம்.

கழிக்காமல் வைக்க வேண்டியவற்றில் முதலாவது, வலி தற்காலிகமாகக் குறைவது. இடித்துக்கொண்ட இடத்தை யாரும் சொல்லாமலே கை போய்த் தேய்க்கிறது அல்லவா? தொடுதலாலும் அழுத்தத்தாலும் வரும் நரம்புச் செய்தி, வலியின் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு கோட்பாடு சொன்னார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. இடுப்புவலிக்கு மசாஜ் உதவுகிறதா என்று 2015-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, ஆனால் சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்பதுதான் முடிவு. இதைவிட எனக்குப் பிடித்தது 2011-இல் அமெரிக்காவின் சியாட்டல் பக்கம் நடந்த ஆய்வு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வலியின் காரணத்தைத் தேடிப்பிடித்துச் செய்யும் மசாஜ், ஒரு பகுதிக்குச் சும்மா இதமாகத் தேய்த்துவிடும் மசாஜ், மூன்றாவது பகுதிக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் என்று வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் கொடுத்தார்கள். மசாஜ் செய்துகொண்ட இரு சாராருமே மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அந்த இரண்டு மசாஜுக்கும் நடுவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் ஆனபோது பலன் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கினால்தான் குணமாகும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம், இதமான எண்ணெய் நீவலும் அதே வேலையைச் செய்கிறது.

இரண்டாவது, மனசும் உடம்பும் அடங்குவது. மெதுவான, ஒரே சீரான தொடுதலில் இதயத் துடிப்பு குறையும், மூச்சு ஆழமாகும், ரத்த அழுத்தம் சற்று இறங்கும். பாதிப் பேர் முதுகு முடிவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். அன்றிரவு தூக்கம் நன்றாக வரும் என்று பலர் சொல்கிறார்கள், வந்தால் லாபம்தான். மூன்றாவது, உடற்பயிற்சிக்குப் பிறகான தசைவலி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிஷம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் துளித் தசையை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான அடையாளங்கள் குறைவாக இருந்தன. 2012-இல் வெளியான ஆய்வு. 11 பேர் என்பது சின்னக் கூட்டம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: லாக்டிக் அமிலம் இரண்டு காலிலும் ஒரே அளவுதான். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறோம் என்று மசாஜ் கடைகள் இன்னமும் சொல்கின்றன. அதற்கு யாரும் பிழிய வேண்டியதில்லை, உடம்பே கொஞ்ச நேரத்தில் அதைச் செலவழித்துவிடும்.

நச்சு நீக்கம் கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை. எடை குறைப்பு சாப்பாட்டின் வேலை, மசாஜில் களைத்து எடை குறைவதென்றால் அது மசாஜ் செய்கிறவருக்குத்தான்.

யார் யார் யோசிக்க வேண்டும்

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத காயம் இருந்தால் போகக்கூடாது, நமக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு வரக்கூடியது அது, அதைப் போய் நீவினால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. அந்தக் காலோடு மசாஜ் கடைக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு தேய்ந்து பலவீனமானவர்கள், சமீபத்தில் அறுவைசிகிச்சை ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் அதிகமானாலும் தெரியாது, ஒத்தடம் சூடு அதிகமானாலும் தெரியாது; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கழுத்து. நெட்டி முறிப்பதாகச் சொல்லித் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பினால் கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழியக்கூடும், அரிதுதான், ஆனால் பக்கவாதம்வரை போகும். ஆயில் மசாஜுக்கும் கழுத்துத் திருப்பலுக்கும் சம்பந்தமே இல்லை. தலையில் கை வைக்கும்போதே வேண்டாம் என்று சைகை காட்டிவிடுங்கள்.

கடையைப் பார்ப்பது, வாயைத் திறப்பது

ஆயில் மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கும் கடைகள் தாய்லாந்தில் உண்டு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. வாசலில் விலை தெளிவாக எழுதியிருக்கும், கண்ணாடி வழியாக உள்ளே கால் மசாஜ் நடப்பது தெரியும், பெண்களும் குடும்பமாக வருகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், சுவரில் பயிற்சிச் சான்றிதழ் மாட்டியிருக்கும் என்றால் தைரியமாகப் போகலாம். தாய்லாந்தில் மசாஜ் செய்பவர்கள் 150 மணி நேரப் பயிற்சி முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி, வாசலில் கூவி அழைப்பது, விலைப் பலகையே இல்லாதது என்றால் தாண்டிப் போய்விடுங்கள். பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் பல ஊர்களில் உண்டு, சியாங் மாயில் பெண்கள் சிறையில் பயிற்சி பெற்றவர்கள் வேலைசெய்யும் மையமும் இருக்கிறது. அலங்காரம் குறைவு, கைவேலை நன்றாக இருக்கும்.

சாதாரணத் தெருக்கடையில் ஒரு மணி நேர ஆயில் மசாஜ் சுமார் 400 முதல் 600 பாட், உலர் முறை அதைவிடக் கொஞ்சம் குறைவு, நட்சத்திர ஓட்டல் ஸ்பா என்றால் பலமடங்கு. என் யோசனை, 60 நிமிஷத்துக்குப் பதில் 90 எடுப்பது. ஒரு மணி நேரத்தில் முழு உடம்பு என்றால் தோளுக்கு வந்ததும் ஓட்டம் பிடிப்பார்கள். 60 நிமிஷம்தான் என்றால் முழு உடம்பு வேண்டாம், முதுகும் காலும் போதும் என்று சொல்லிவிடுவது மேல்.

பேசாமல் படுத்திருப்பதுதான் மரியாதை என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். வலித்தாலும் சொல்லாமல், மறுநாள் முதுகில் நீலம் பாரித்தபிறகு கடையைத் திட்டுவார்கள். சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. மெதுவாக என்பதற்கு 'பாவ் பாவ்', பலமாக வேண்டுமென்றால் 'நக் நக்', வலிக்கிறது என்றால் 'ஜெப்', சுகமாக இருக்கிறது என்றால் 'சபாய்'. இந்த நாலு வார்த்தை போதும். மூச்சை அடக்கிக்கொண்டு தாங்குகிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், அப்போது 'பாவ் பாவ்' சொல்லுங்கள். வெட்டிய இடம், பழைய எலும்பு முறிவு, தொடக்கூடாத பகுதி ஏதாவது இருந்தால் படுக்கும் முன்பே கையால் காட்டிவிடுங்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடித்துவிட்டும் போக வேண்டாம். முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், மேசை ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு இறங்குங்கள். பாதத்தில் எண்ணெய் மிச்சம் இருக்கும், ஓடு பதித்த தரையில் அப்படியே நடந்தால் வழுக்கிவிடும், துடைத்துவிட்டு எழுங்கள். வெளியே வந்ததும் இஞ்சி டீயோ, சங்குப்பூ டீயோ, வில்வக்காய் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரோ தருவார்கள். எண்ணெயை உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்று கட்டாயமில்லை, பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் அங்கேயே குளித்துவிடலாம். மறுநாள் தசை கொஞ்சம் நோவது சகஜம், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ கை கால் மரத்துப்போனாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். டிப்ஸ் 50 முதல் 100 பாட் வழக்கம், அதைக் கல்லாவில் கொடுக்காமல் மசாஜ் செய்தவர் கையிலேயே கொடுங்கள். பல கடைகளில் அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்த மசாஜுக்கு ஒரு பங்குதான்.